மக்குப் பையனுக்குத்தான் பெரிய டிரம்மா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்பவர்கள் படியுங்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு பள்ளியில் மாணவர் மன்றத் தொடக்க விழா. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். ஊர் பெயரும் பள்ளி பெயரும் சொல்லப் போவதில்லை. இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை. அணிவகுப்பு ஆரம்பித்தது. பேண்டு வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வரவில்லை. மைதானத்தின் இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, செல்போனில் இருந்து ஒரு அணிவகுப்பு இசை. பிள்ளைகள் ஆளுக்கொரு காலில் வந்தார்கள். முதல் வரிசை இடது கால் வைக்கும்போது கடைசி வரிசை வலது கால் வைத்தது. பி.டி. சார் ஓரமாக ஓடிக்கொண்டே “லெஃப்ட், லெஃப்ட்” என்று தொண்டை கிழியக் கத்தினார். பாவம், அவர் என்ன செய்வார்.

விழா முடிந்து டீ கொடுத்தார்கள். கை கழுவப் போகிற வழியில் விளையாட்டுச் சாமான் அறை திறந்து கிடந்தது. மூலையில் பெரிய டிரம். ஒரு பக்கத் தோல் கிழிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பழைய வாலிபால் வலையைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, “பேண்டு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். ஒரு ஆசிரியர் சொன்னார்: “பெரிய டிரம் அடிக்க ஒரு மக்குப் பையன் வேணுமே சார், இப்ப எல்லாப் பயலும் புத்திசாலி ஆயிட்டான்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான், நான் ஏன் சிரித்தேன் என்று எரிந்தது.

மறுநாள் இங்கே நாலு வரி எழுதினேன். அதற்கு என் பழைய மாணவன் ஒருவனே பின்னூட்டம் போட்டிருந்தான்: “சார், சைடு டிரம்முன்னா ஒத்துக்கிறேன். பெரிய டிரம்முல என்ன சார் இருக்கு? டம் டம்முனு அடிக்க வேண்டியதுதானே?” இருபத்தேழு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அந்த இருபத்தேழு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நான் பி.டி. ஆசிரியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவன். கொஞ்சம் ஹார்மோனியம் வாசிப்பேன் என்ற ஒரே தகுதிக்காக, சேர்ந்த மூன்றாம் வருடம் பள்ளி பேண்டை என் தலையில் கட்டினார்கள். 1988. ஆறு சைடு டிரம், இரண்டு டெனர் டிரம், ஒரு ஜோடி சிம்பல், பியூகிள், புல்லாங்குழல், ஒரு பெரிய டிரம். அதாவது புத்தகத்தில் பேஸ் டிரம் என்று போட்டிருக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அது பெரிய டிரம். நான் என்ன செய்தேன்? புல்லாங்குழலை முதல் ரேங்க் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சைடு டிரம்மைத் துறுதுறுப்பானவர்களுக்குக் கொடுத்தேன். கணக்கும் வராமல் ஆங்கிலமும் வராமல் உடம்பு மட்டும் வளர்ந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். பெரிய டிரம்மை அவன் வயிற்றில் மாட்டி, “லெஃப்டு கால் வைக்கும்போது அடிடா, அவ்வளவுதான்” என்றேன். நான் சொல்லிக் கொடுத்தது முழுக்க அவ்வளவுதான்.

அந்த வருடம் சுதந்திர தினத்தில் என்ன ஆகும்? ஆனது. கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில் பையன் வேகம் கூட்டிக்கொண்டே போனான். அவன் கூட்டக் கூட்ட சைடு டிரம்கள் கூட்டின, குழல்கள் மூச்சு வாங்கின, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியில் ஓடியே விட்டார்கள். கொடிக் கம்பத்தைத் தாண்டியதும் எல்லாரும் நின்ற பிறகு அவன் மட்டும் இன்னும் மூன்று அடி அடித்தான். ஊரே சிரித்தது. நான் அவனை எல்லார் முன்னாலும் திட்டினேன்.

பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் பேண்டில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “வாத்தியாரய்யா, பையனைத் திட்டாதீங்க. தப்பு உங்களுது. வண்டிக்கு அச்சாணிய எவன்கிட்டயாவது தூக்கிக் கொடுப்பீங்களா?” எனக்குக் கோபம் வந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். அதிலிருந்து மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் அவர் எங்கள் மைதானத்துக்கு வந்தார். பெரிய டிரம்மைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் தந்தது.

அவர் முதலில் செய்தது, டிரம்மைத் தொடவே இல்லை. இருபத்துநாலு பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். “நான் ஆரம்பின்னதும் மனசுக்குள்ள எண்ணுங்க. முப்பது வினாடி ஆச்சுன்னு தோணும்போது கையத் தூக்குங்க.” அவர் கையில் ஒரு பழைய கடிகாரம். பதினேழாவது வினாடியிலேயே கைகள் எழும்ப ஆரம்பித்தன. என் முதல் ரேங்க் பையன் இருபதில் தூக்கிவிட்டான். மூன்று முறை செய்தார். மூன்று முறையும் முப்பதுக்கு ஒன்றிரண்டு வினாடி முன்பின்னாகக் கை தூக்கியது ஒரே பிள்ளை. ஏழாம் வகுப்புப் பெண், மெலிந்த உடம்பு, அம்மாவோடு பூக்கட்டுகிற வீடு. “இதுதான் உங்க பெரிய டிரம்” என்றார்.

ஏன் முப்பது வினாடி என்று கேட்கிறீர்களா? என்.சி.சி. பயிற்சியில் விரைவு நடை நிமிடத்துக்கு 120 எட்டு. ஒரு எட்டுக்கு அரை வினாடி. பெரிய டிரம் விழுவது இடது காலுக்கு. அப்படியானால் வினாடிக்கு ஒரு அடி. அந்த டிரம்மை மாட்டியிருக்கிற பிள்ளை ஒரு நடமாடும் கடிகாரம். வெயிலில், வியர்வையில், கூட்டத்தின் சத்தத்தில், பக்கத்தில் சைடு டிரம் படபடவென்று வேகம் கூட்டச் சொல்லி இழுக்கும்போது, அத்தனைக்கும் நடுவில் ஒரு வினாடியை ஒரு வினாடியாகவே வைத்திருக்க வேண்டும். மெது நடை என்றால் நிமிடத்துக்கு 70 எட்டு, அது இன்னும் கஷ்டம். வேகமாக அடிப்பதைவிட மெதுவாக, சீராக அடிப்பது எவ்வளவு கடினம் என்று தவில்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இதற்கு மக்கு வேண்டுமாம்!

அந்தப் பெண்ணுக்கு நான் டிரம் கொடுத்தேனா? அந்த வருடம் கொடுக்கவில்லை. இதுவும் என் குற்றக் கணக்கில்தான். “பொம்பளப் புள்ள வயித்துல அத மாட்டிக்கிட்டு நடந்தா நல்லாவா இருக்கும்?” என்று ஆசிரியர் அறையில் பேச்சு. “தூக்க முடியாதும்மா” என்று அவளிடம் நான் சொல்லி அனுப்பினேன். தூக்க முடியாது என்பது பொய். ஒற்றைத் தோளில் கயிறு போட்டால் யாருக்கும்தான் முடியாது. முதுகில் குறுக்காகப் போகிற இரண்டு பட்டை வைத்துத் தைத்தால் எடை இரண்டு தோளுக்கும் பிரியும். அடுத்த வருடம் பெரியவர் சொன்னபடி தைத்தோம், அவள் தூக்கினாள். எட்டாம் வகுப்பு முழுக்க அவள்தான் அடித்தாள். அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது, அந்தப் பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் இருந்ததே இரண்டு வருடம்தான்.

இன்னொரு பேச்சும் அந்த அறையில் உண்டு. ஒரு பையனின் அப்பா வந்து, “பியூகிள் கொடுங்க, குழல் கொடுங்க. கொட்டு மட்டும் கொடுக்காதீங்க, சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க” என்றார். என்ன மாதிரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். தோலைத் தொட்டு அடிக்கிறவன் தாழ்ந்தவன் என்கிற நம் ஊர்ப் பழைய வியாதி அது. அந்த மேடையில் சிரித்தோமே, அந்தச் சிரிப்பிலும் இதில் ஒரு துளி இருக்கிறது. மூளை இருப்பவனுக்குக் குழல், இல்லாதவனுக்குக் கொட்டு என்று எவன் பிரித்து வைத்தான்? யோசித்துப் பாருங்கள்.

சரி, வித்தைக்கு வருகிறேன். “என்ன இருக்கு” என்று கேட்டாய் அல்லவா தம்பி, கேள்.

முதலாவது, எங்கே அடிப்பது. தோலின் நட்டநடுவில் அடித்தால் சத்தம் தடித்து, சட்டென்று முடிந்துவிடும். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் அடித்தால் சத்தம் நீண்டு, அலையாக நிற்கும். விளிம்பை ஒட்டி அடித்தால் மெலிந்து போகும். திறந்த மைதானத்தில் நடைக்கு நடுவில் அடிப்பார்கள், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. அரங்கத்துக்குள் வாசிக்கிற மேற்கத்திய இசைக்குழுவில் பெரும்பாலும் நடுவை விட்டு விலகித்தான் அடிப்பார்கள். அவர்கள் நடுவை எடுத்து வைத்திருப்பது பீரங்கி மாதிரியான ஒற்றை வெடிக்கு.

இரண்டாவது, எப்படி அடிப்பது. பெரியவர் சொன்னது: “தோல்ல அடிக்காதே, தோல்ல இருந்து எடு.” கம்பளி அல்லது ஃபெல்ட் சுற்றிய கட்டையைத் தளர்வாகப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி விட்டு, தோல் தொட்டவுடனே திரும்ப வாங்க வேண்டும். அழுத்திப் புதைத்தால் சத்தம் உள்ளேயே செத்துவிடும். சத்தத்தைக் கூட்டக் கையின் பலம் தேவையில்லை, கட்டை எவ்வளவு உயரத்தில் இருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. உடம்பு பெருத்த பையனைத் தேடுகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் பலத்தைத் தேடுகிறார்கள், டிரம்முக்குப் பலம் வேண்டாம்.

மூன்றாவது, இதுதான் பெரிய சங்கதி, எப்போது நிறுத்துவது. இவ்வளவு பெரிய தோல் ஒரு அடிக்குப் பிறகு தானாக நிற்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த அடி விழுவதற்குள் முந்தின அடியின் மிச்சத்தை இன்னொரு கை உள்ளங்கையால் தொட்டு அணைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஒலிக்கவிட்டு அணைப்பது என்பதிலேதான் இசை இருக்கிறது. அணைக்கத் தெரியாதவன் அடித்தால் ஐந்தாவது அடிக்குள் எல்லாம் குழம்பி ஒரே இரைச்சல். அரங்கத்தில் வாசிப்பவர்கள் முழங்காலைக்கூட அடித்தோலில் வைத்து அணைப்பார்கள்.

உருட்டு என்று ஒன்று உண்டு. இரண்டு கையிலும் ஒரே அளவு கட்டை எடுத்து மாறி மாறி அடிப்பது. சைடு டிரம் பழகிய பையன்கள் பெரிய டிரம்மில் உருட்டச் சொன்னால் வெறி பிடித்த மாதிரி வேகமாக அடிப்பார்கள். வேகம் கூடினால் ஒரு அடி அடுத்த அடியின் அதிர்வைக் கொன்றுவிடும். பெரிய தோலுக்கு மெதுவான உருட்டு போதும், மிச்சத்தைத் தோலே பார்த்துக்கொள்ளும்.

தோலை முறுக்குவது தனிப் படிப்பு. வரிசையாகச் சுற்றி வந்து திருகக் கூடாது, எதிரும் புதிருமாகக் குறுக்கே குறுக்கே திருக வேண்டும். அதிகம் முறுக்கினால் மேசையைத் தட்டினது போல் இருக்கும், தளர்ந்தால் ஈரச் சாக்கு. எங்கள் டிரம் அப்போது உண்மையான தோல். மழை நாளில் தொய்ந்து போகும், வெயிலில் காய வைத்துத்தான் எடுப்போம். 1950களின் பிற்பகுதியிலேயே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது என்றாலும் எங்கள் பள்ளிக்கு அது வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது!

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. டிரம்மை மாட்டியவனுக்குத் தன் காலே தெரியாது. டிரம் மறைத்துவிடும். ஊரெல்லாம் அவன் அடிக்குக் கால் வைக்கிறது, அவனோ தன் காலைப் பார்க்க முடியாமல் நடக்கிறான். முன்னால் போகிறவனின் குதிகாலையும் பேண்டு தலைவனின் தடியையும் பார்த்தே போக வேண்டும். நிறுத்துகிற வேலையும் அவனுடையதுதான். பிரிட்டிஷ் முறையில் பழகின பேண்டுகளில் பாட்டு முடியப் போகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்வது பெரிய டிரம்மின் இரட்டைத் தட்டு. பேண்டே நடந்துகொண்டிருக்கும்போது பேச்சில்லாமல் அத்தனை பேருக்கும் உத்தரவு போடுகிற ஒரே பிள்ளை அதுதான். 1988இல் எங்கள் பையன் எல்லாரும் நின்ற பிறகு மூன்று அடி அடித்தான் என்றேனே, அவனுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லவில்லை.

இந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்றாவது தெரிந்து சிரித்தோமா?

துருக்கி. உதுமானியப் பேரரசின் ஜானிசரி படையோடு நடந்த இசைக்குழுவுக்கு மெஹ்தர் என்று பெயர். அதில் தாவுல் என்று ஒரு பெரிய முழவு. தோளில் மாட்டி, ஒரு கையில் தடித்த கட்டை, இன்னொரு கையில் மெல்லிய குச்சி. தடித்தது கனத்த அடிக்கு, மெல்லியது இடையிடையே சடசடவென்று நிரப்ப. நம் தவிலில் ஒரு பக்கம் கழியும் மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களும் வேறு வேறு வேலை செய்கின்றனவே, அந்தக் கண்ணோடு பார்த்தால் நமக்கு உடனே புரியும். வியன்னா வரை வந்து முற்றுகையிட்ட படையின் சத்தம் அது. கேட்டு நடுங்கிய ஐரோப்பாக்காரர்கள், 18ஆம் நூற்றாண்டில் அதையே ஆசைப்பட்டுத் தங்கள் படைகளுக்கு வாங்கிக்கொண்டார்கள். துருக்கி டிரம் என்றே பெயர் வைத்தார்கள். வாசிப்பு முறையையும் அப்படியே எடுத்தார்கள், வலது கையில் கட்டை, இடது கையில் குச்சிக் கட்டு. ஒரே டிரம்மில் இரண்டு குரல். மோட்சார்ட் 1782இல் வியன்னாவில் துருக்கி அந்தப்புரக் கதையை இசை நாடகமாகப் போட்டபோது இந்த டிரம்மை உள்ளே கொண்டுவந்தார். ஹைடன் 1794இல் லண்டனில் அரங்கேற்றிய நூறாவது சிம்பொனிக்குப் பெயரே ராணுவ சிம்பொனி, அந்தப் பெயருக்குக் காரணம் இந்த டிரம்மும் சிம்பலும் முக்கோண மணியும்.

பேத்தோவனுக்கு வருவோம். 1824, ஒன்பதாவது சிம்பொனி. கடைசிப் பகுதியில் எல்லாரும் பாடி உச்சிக்குப் போய் நின்ற பிறகு ஒரு மௌனம். அதற்குப் பிறகு எங்கிருந்தோ தூரத்தில் ஒரு நடை ஆரம்பிக்கிறது. பஸூன் ஊதுகுழல்களோடு பெரிய டிரம், மிக மிக மெல்லிய அடி. காது கேளாத அந்த மனிதர் பெரிய டிரம்முக்குக் கொடுத்த வேலை, சத்தம் போடாமல் இருப்பது! என் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான், முதல் தடவை எனக்கு அந்த அடி கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை காதை வைத்துக் கேட்டேன். ஆயிரம் பேர் அரங்கத்தில் அப்படி ஒரு அடியைப் போட எவ்வளவு நிதானம் வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சிம்பொனி வந்த இரண்டே வருடத்தில், 1826இல், சுல்தான் ஜானிசரி படையையே ஒழித்துவிட்டார். மெஹ்தரும் அதோடு போனது. 1828இல் இத்தாலியில் இருந்து ஒரு டோனிசெட்டியை, புகழ்பெற்ற இசை நாடகக்காரரின் அண்ணனை, வரவழைத்து ஐரோப்பிய பாணியில் பேண்டு அமைத்தார். துருக்கியில் இருந்து போன டிரம் ஐரோப்பியச் சட்டை போட்டுக்கொண்டு துருக்கிக்கே திரும்பி வந்தது.

வெர்டி 1874இல் மிலான் நகரத் தேவாலயத்தில் ஒரு இரங்கல் இசையை அரங்கேற்றினார். தீர்ப்பு நாளைப் பாடும் இடத்தில் பெரிய டிரம் எதிர்த்தட்டில் தனியாக விழும். டிரம்மின் கயிறுகளை நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும், அடி வறண்டு பலமாக விழ வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே எழுதி வைத்தார். டிரம்முக்கு எவ்வளவு முறுக்கு என்பது வரை கவலைப்பட்ட மனிதர்.

மாலர் நியூயார்க்கில் இருந்தபோது, 1908இல், கடமையில் உயிரிழந்த தீயணைப்பு அதிகாரி ஒருவரின் இறுதி ஊர்வலம் அவர் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே வந்து நின்றதாம். சற்று நேர மௌனம். பிறகு துணி போர்த்திய டிரம்மில் ஒரே ஒரு அடி. அவருடைய மனைவி தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். ஜன்னலில் நின்று கேட்டவர் அழுதுகொண்டிருந்தாராம். அந்த ஒற்றை அடியைத் தன் முடிக்காத பத்தாவது சிம்பொனிக்குள் கொண்டுவந்து வைத்தார். டம் டம்முனு அடிக்க வேண்டியதுதானே என்கிறாய் தம்பி. ஒரே ஒரு டம், மனிதனை அழ வைத்தது.

எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிக்கனத்துக்காக டிரம்மின் மேல் ஒரு சிம்பலைக் கட்டி இரண்டையும் ஒரே ஆளை வைத்து அடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. பெர்லியோஸ் இசைக்கருவிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் அதைக் காய்ச்சி எடுத்தார். பெரிய டிரம்மில் ஆள் மிச்சம் பிடிப்பது நம் கண்டுபிடிப்பு இல்லை.

“டிரம் செட்டில் காலால் மிதித்தாலே வருகிறதே” என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வருகிறது. 1909இல் சிகாகோவில் லட்விக் சகோதரர்கள் வேகமாக மிதிக்கக்கூடிய ஒரு மிதியைச் செய்து விற்ற பிறகு அது பரவியது. ஆனால் பழைய ஜாஸ் டிரம்காரர்கள் காலால் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டு முழுக்கத் தட்டுக்கு ஒன்றாக, இறகால் தொடுவது போல மிதித்தார்கள். கேட்பவருக்குச் சத்தம் தெரியாது, இல்லையென்றால் மட்டும் பாட்டு காலி என்று தெரியும். காலுக்கும் அதே நிதானம்தான் வேண்டும்.

இப்போது ஸ்பீக்கர் பெட்டிக்கு வருகிறேன், என் உண்மையான சண்டை அதோடுதான்.

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பள்ளிப் பாடம்தான். 34 மீட்டர் தள்ளி நிற்கிற பிள்ளைக்கு அடி பத்தில் ஒரு வினாடி தாமதமாகக் கேட்கும். ஒரு எட்டே அரை வினாடிதான் என்று முன்னால் பார்த்தோம். நூறு மீட்டர் தள்ளி என்றால் தாமதம் ஏறத்தாழ 0.3 வினாடி, பாதி எட்டுக்கும் மேல். அந்தப் பிள்ளை காதை நம்பி நடந்தால் முன்வரிசையோடு கால் சேரவே சேராது. அந்த விழாவில் இரண்டு மூலையில் இரண்டு பெட்டி வைத்தார்களே, ஒரு பெட்டிக்கு 20 மீட்டரும் இன்னொன்றுக்கு 80 மீட்டரும் இருக்கிற இடத்தில் வரும் பிள்ளைக்கு ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும், இடையில் 0.18 வினாடி. எதற்குக் கால் வைக்கும்? பிள்ளைகள் தப்பாக நடக்கவில்லை, அவரவர் காதில் விழுந்ததற்குச் சரியாக நடந்தார்கள். பி.டி. சார் கத்தினதுதான் வீண்.

பேண்டு வரிசையோடு கூடவே நடக்கிறது, பெரிய டிரம் அதன் நடுவில் நடக்கிறது. பெட்டி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம், பெட்டிக்குக் கண் இல்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் கால் சின்னது. நல்ல டிரம் பிள்ளை அவர்கள் திருப்பத்தில் திணறுவதைப் பார்த்து ஒரு மயிரிழை நிதானிக்கும், எல்லாரும் சேர்ந்ததும் பழைய நடைக்கு வரும். என் பூக்கட்டுகிற வீட்டுப் பெண் இதைச் செய்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடி ஏறும்போது கயிறு சிக்கிக்கொண்டால் செல்போன் பாட்டு தன்பாட்டுக்கு முடிந்துவிடும், அடுத்ததாக ஏதாவது விளம்பரம் வரும். இதை நான் ஒரு விழாவில் கண்ணால் பார்த்தேன். கொடிக்குக் கீழே நாங்கள் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, ஸ்பீக்கரில் சோப்பு விளம்பரம்.

“நேரம் இல்லை சார், பாடமே முடியலை” என்கிறார்கள். தெரியும், நானும் 33 வருடம் அந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டியவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அரை வினாடி, வினாடிக்கு 340 மீட்டர், 120 எட்டு, இதெல்லாம் கணக்குப் பாடமா இல்லையா? கரும்பலகையில் வராத பிள்ளைகளில் நாலு பேருக்கு மைதானத்தில் வந்தது. அந்தப் பெருத்த பையனை மறக்காதீர்கள். பெரியவர் அவனை ஒதுக்கவில்லை, சைடு டிரம்முக்கு மாற்றினார். கை அவனுக்கு வேகமாகப் போகும், அதனால்தான் பெரிய டிரம்மில் ஓடினான். அவன் மக்கு இல்லை. அவனைத் தப்பான டிரம்மில் மாட்டினது நான். இன்றைக்கு வரை அவனிடம் இதை நான் நேரில் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவன் படித்தால், தம்பி, அந்தச் சுதந்திர தினத்துக்கு என்னை மன்னித்துவிடு.

சிரித்த ஆசிரியர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு: கோபம் இல்லை, நானும் சேர்ந்து சிரித்தவன்தான். ஆகஸ்ட் 15க்கு இன்னும் ஐந்து சனிக்கிழமை இருக்கிறது. அந்த டிரம்மின் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் தட்டிப் பார்த்தேன். திருகுகளுக்கு எண்ணெய் போட்டால் போதும். கிழிந்த பக்கத்துக்குப் பிளாஸ்டிக் தோல் நான் வாங்கி வருகிறேன், பணம் வேண்டாம். தோள்பட்டை தைக்க எங்கள் தெருவில் செருப்புக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல கை. எனக்கு வேண்டியது சனிக்கிழமை நாற்பது நிமிடம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளும். ஒரு கடிகாரம் நான் கொண்டுவருவேன். வாலிபால் வலையை மட்டும் நீங்கள் வெளியே எடுத்து வையுங்கள்.